வெளுத்த வளையம்

சிறுமலைக்கு மேலே வெளிச்சம் கோடு கிழிப்பதற்கு முன்பே சிவனம்மாள் தண்ணீர் தூக்க ஆரம்பித்துவிட்டாள். தலையில் சும்மாடு, அதன்மேல் நிறைகுடம். ஒரு கை குடத்தின் கழுத்தில், மறு கை சாரத்தின் கயிற்றில். பலகைச் சரிவில் கால் வழுக்காமல் இருக்கக் குறுக்குச் சட்டங்கள் அடித்திருந்தார்கள். ஒரு சட்டத்தில் கட்டைவிரலை ஊன்றி, முழங்காலில் கனத்தை வாங்கி, மூச்சை விட்டு, அடுத்த சட்டம். உச்சிக்குப் போய்ச் சேரும்போது கழுத்து நரம்புகள் கயிறாகப் புடைத்திருக்கும். ஐப்பசி பாதி போயும் மழை இறங்கவில்லை. தோல் கிடங்குகளின் வாடை காற்றில் அப்படியே நின்றது.

மேலே போய்க் குடத்தைச் சாய்த்தாள். சிமிண்டு வளையம் தண்ணீரைச் ‘சுர்ர்’ என்று உள்ளே இழுத்தது. ஈரம் பட்ட இடம் கறுத்தது. படாத இடம் சாம்பல் பூத்த அடுப்புக்கட்டி மாதிரி வெளுத்துக் கிடந்தது.

“ஏத்தா மாயம்மா, என்ன இந்தக் குடி குடிக்குது?”

பின்னாலேயே குடத்தோடு ஏறி வந்த மாயம்மாள் மூச்சிரைக்கச் சிரித்தாள். “கள்ளுக்கடைய மூடுறதுக்கு முந்தின நா எங்க வீட்டு ஆளு குடிச்சாரு பாரு, அந்தக் குடி.”

சிவனம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை.

திருச்சி ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில் எழும்பிக்கொண்டிருந்தது அந்தக் கட்டடம். நாடு இரண்டானபோது வீடு வாசலை விட்டு ஓடிவந்து, எங்கெங்கோ சுற்றி, கடைசியில் திண்டுக்கல்லில் லாரி உதிரிபாகக் கடையும் டயர்க் கடையுமாக வேர் பிடித்த சில சீக்கியக் குடும்பங்கள் தங்களுக்கென்று கட்டுகிற கோயில். அவர்கள் குருத்துவாரா என்றார்கள். வேலையாட்கள் வாயில் அது ‘சிங்கு கோயில்’.

கீழே நாலு பக்கமும் வாசல் வைத்த சதுரக் கூடம். சதுரத்தின் மூலைகளை வளைத்து எட்டு மூலையாக்கி, எட்டு மூலையின் மேல் வட்டமாகச் சிமிண்டு வளையம். வளையத்தின் மேல், தாமரை மொட்டைக் கவிழ்த்தது போல இதழ் இதழாகக் கும்மட்டம். கும்மட்டம் முழுக்கச் செங்கல்லும் சுண்ணாம்பும், பழைய முறை. வளையம் கம்பியும் காங்கிரீட்டும், புது முறை.

கும்மட்டம் வெளியே இருந்து பார்க்கிறவனுக்குச் சும்மா கவிழ்த்து வைத்த சட்டி. ஆனால் அது ஒரு நொடியும் சும்மா இருப்பதில்லை. தன் கனத்தாலேயே தன் அடியை நாலாபுறமும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். மாவுருண்டையை உள்ளங்கையால் அழுத்தினால் ஓரம் விரிகிறதல்லவா, அப்படி. முன்காலத்தில் அந்தத் தள்ளலுக்கு அணைகொடுக்கப் பெரும் பெரும் சுவர்கள் வைத்தார்கள். இப்போது அந்த வேலையை வளையம் செய்கிறது. மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை எப்படியோ, கும்மட்டத்துக்கு வளையம் அப்படி. பட்டை இறுகப் பிடித்திருந்தால் சக்கரம் எத்தனை மூட்டை ஏற்றினாலும் சுமக்கும். பட்டை விட்டுப்போனால் ஆரக்கால் ஒவ்வொன்றும் ஒரு திசைக்குப் போகும்.

அந்தப் பட்டை இறுக வேண்டுமானால் தண்ணீர் வேண்டும். வெயிலில் காய்ந்து இறுகுவது களிமண். சிமிண்டு அப்படி அல்ல. அது நாள் கணக்கில் தண்ணீர் குடித்துக் குடித்துத்தான் உள்ளுக்குள்ளே கல்லாகும். பாதியில் தாகத்தோடு விட்டுவிட்டால் வெளியே கல் மாதிரி தெரியும். உள்ளே பொருபொருத்துப் போயிருக்கும்.

வளையம் போட்ட புதிதில் நல்ல தண்ணீர் வண்டி வந்தது. சாக்கைச் சுற்றி நனைத்தார்கள். பிறகு வண்டி நின்றுபோனது. காண்டிராக்டர் பொன்னுத்துரை வடமதுரையில் ஒரு அரிசி ஆலைக் கட்டடமும் எடுத்திருந்தார். வண்டி அங்கே போய்விட்டது. இங்கே கிணற்றில் இருந்ததோ உப்புத் தண்ணீர். அதை ஊற்றினால் உள்ளே கம்பியைத் துரு தின்றுவிடும். சாக்குகள் காய்ந்து மொடமொடத்தன. அந்த வெளுத்த வளையத்தின் மேலேயே கும்மட்டம் வளர்ந்து, முந்தாநாள் உச்சிக்கல்லும் வைத்தாயிற்று. அடியில் சவுக்கு முட்டுகள் நெருக்கமாக நின்று அத்தனை கனத்தையும் வாங்கிக்கொண்டிருந்ததால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

இன்று திடீரென்று விடியுமுன் வண்டி வந்து நிற்கிறது.

“மழையே வந்த மாதிரி வந்து நிக்கிறீகளே, என்ன சேதி?” என்று அவள் வண்டிக்காரரைக் கேட்டிருந்தாள்.

“சிங்கய்யா பாக்க வாராராம். வளையம் கறுப்பாத் தெரியணுமாம். மொதலாளி சொன்னாரு,” என்று அவர் மாட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

சிங்கய்யா என்றால் கோயில் வேலையை முன்னின்று நடத்தும் குர்பசன் சிங். சிங்கய்யா பார்த்துச் சரி என்றால் முட்டுகளைத் தட்டி எடுப்பார்கள். எடுக்கிறவன் கும்மட்டத்துக்கு நேர் கீழே நின்றுதான் எடுக்க வேண்டும். இந்த வேலையில் சாரமும் முட்டும் கட்டியவன், அவற்றை எடுக்க வேண்டியவன், அவளுடைய தம்பி ஆண்டிச்சாமி.

*

வெயில் ஏறியது. ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். வாசலில் நுழையும்போதே ஆண்கள் தோள் துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டார்கள். இது குர்பசன் சிங் வைத்த ஒரே சட்டம். கடைக்கால் தோண்டிய அன்றே சொல்லிவிட்டார்: “இது குரு வீடு. கூரை இல்லைன்னாலும் வீடுதான். தலை மூடி வாங்க.”

அது பொன்னுத்துரைக்குத் தொண்டையில் முள். அவர் முன்னால் எவனும் தலையில் துண்டோடு நிற்கக் கூடாது. அவிழ்த்து இடுப்பில் கட்ட வேண்டும். அதனால் அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் துண்டுகள் இடுப்புக்கு இறங்கும். சிங்கய்யாவின் வேன் சத்தம் கேட்டால் தலைக்கு ஏறும்.

“நம்மளவிட இந்தத் துண்டுதாண்டா ஓயாம ஒழைக்குது,” என்பார் கும்மட்டம் கட்டிய கொத்தனார் அப்துல் லத்தீப். பேகம்பூர்க்காரர். அவர் தலையில் எப்போதும் தொப்பி. “நல்லவேள, அல்லா எனக்குத் தொப்பியக் குடுத்தான். ரெண்டு பேருக்கும் பொது.”

மோட்டார் சைக்கிள் வந்தது. துண்டுகள் இறங்கின. பொன்னுத்துரை கூடத்துக்குள் வந்து அண்ணாந்து பார்த்தார். வளையத்தின் உட்பக்கம் ஈரம் கசிந்து கறுத்திருந்தது. திருப்தியாகத் தலையாட்டினார்.

“ஏலே ஆண்டி. சிங்கு வந்து பாத்துட்டுப் போனதும் முட்டத் தட்டிரு. சாயங்காலம் லாரி வருது. வடமதுரையில கம்பி கட்டி வச்சிட்டு முட்டுக்கு நாக்கத் தொங்கப் போட்டு நிக்கிறானுக.”

“மொதலாளி, வளையம் இன்னும் இறுகலீங்க.”

“யாருடா சொன்னா?”

“ஆப்ப வேணா தொட்டுப் பாருங்க.”

முட்டு தரையில் அப்படியே நிற்காது. காலடியில் இரண்டு மர ஆப்புகளை எதிரெதிரே செருகி, அவற்றின் மேல் நிறுத்துவார்கள். மேலே இருக்கிற கட்டடம் தன்னைத் தானே தாங்கத் தொடங்கிவிட்டால் முட்டின் பாரம் குறைந்து ஆப்பு இளகும். சுத்தியலால் லேசாகத் தட்டினால் கழன்று வரும். பாரம் இன்னும் முட்டின் மேலேயே இருந்தால் ஆப்பு பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும். கட்டடம் தயாரா இல்லையா என்று கேட்பதற்குச் சாரக்காரனுக்கு அதைவிட நல்ல வழி இல்லை.

“ஒண்ணத் தட்டு, பாப்போம்,” என்றார் பொன்னுத்துரை.

ஆண்டிச்சாமி குந்தினான். தட்டினான். ஆப்பு அசையவில்லை. ஓங்கி அடித்தான். அரை விரற்கடை நகர்ந்தது.

மேலே எங்கோ ‘டிக்’ என்றது. காய்ந்த சுள்ளி ஒடிகிற அளவுக்குச் சின்னச் சத்தம். சுண்ணாம்புப் பொடி இழையாக இறங்கி ஆண்டிச்சாமியின் வெற்றுத் தோளில் விழுந்தது. அவன் ஆப்பை மறுபடி உள்ளே அடித்து ஏற்றினான்.

“யா அல்லா,” என்றார் லத்தீப்.

பொன்னுத்துரையும் கேட்டார். அவர் கண் ஒரு கணம் மேலே போய்த் திரும்பியதைச் சிவனம்மாள் பார்த்தாள்.

“எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறீகளா? நானும் சாந்துச் சட்டி தூக்கி வந்தவன்தான். எல்லாக் கட்டடத்துலயும் நாலு சத்தம் கேக்கும். கேட்டுட்டு நின்னுக்கும்.”

“சித்தையன்கோட்டைக் கிட்டங்கி நின்னுச்சே, அப்படியா?” என்றான் ஆண்டிச்சாமி.

அங்கே பொன்னுத்துரை கட்டிய சரக்குக் கிடங்கில் முட்டு எடுத்த அன்றே தளம் இறங்கியது. ஒருவன் இன்றும் இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடக்கிறான். அதைப் பொன்னுத்துரையின் முகத்துக்கு நேரே இதுவரை யாரும் சொன்னதில்லை.

“வாய் நீளுதோ? நீ எடுக்கலைன்னா எடுக்க ஆளா இல்ல? நாளையிலருந்து நீயும் வர வேணாம், உங்க அக்காளும் வர வேணாம்.” அவர் சிவனம்மாளிடம் திரும்பினார். குரலில் சர்க்கரை ஏறியது. “ஏத்தா, உன்னத்தான். தண்ணி ஊத்துறது நீதானே? சிங்கு கேப்பாரு. நித்தமும் ஊத்துனோம்னு ஒரு வார்த்த சொல்லு. அம்புட்டுத்தான். உன் தம்பி வேலையும் நிக்கும், உன் வேலையும் நிக்கும்.”

சிவனம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

*

உச்சிவேளைக்குக் குர்பசன் சிங்கின் வேன் வந்தது. துண்டுகள் தலைக்கு ஏறின. வேனில் அவர் மனைவி பிரீதம் கௌரும் இருந்தார். ஆட்களுக்கு அவர் ‘சிங்கம்மா’. வேலை தொடங்கிய நாளிலிருந்து மத்தியானச் சாப்பாடு அந்தக் குடும்பங்களின் பொறுப்பு. தரையில் நீளமாகப் பாய் விரித்து எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார வேண்டும். கொத்தனார், சித்தாள், சிங்கய்யா என்று பார்ப்பதில்லை. கோதுமை ரொட்டி, கெட்டிப் பருப்பு. முதல் வாரம் மாயம்மாள், “சோறும் இல்ல, வெஞ்சனமும் இல்ல, வெறும் வறட்டியக் குடுக்கிறாக,” என்று புலம்பினாள். இப்போது மூன்று தின்கிறாள். பொன்னுத்துரை மட்டும் ஒரு நாளும் அந்த வரிசையில் உட்கார்ந்ததில்லை.

குர்பசன் சிங் கும்மட்டத்தின் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தார். வெள்ளைத் தாடிக்குள் முகம் மலர்ந்தது. “கார்த்திகை பௌர்ணமி எங்க குரு பிறந்த நாள். மதராஸ், கோயமுத்தூர், எல்லா ஊர் ஆளும் வராங்க. இங்க உக்காந்து பாட்டுப் பாடுவோம்.” பிறகு சாப்பாட்டு வரிசைக்கு வந்து, சிவனம்மாளுக்கு எதிரே நின்றார். “அம்மா, வளையத்துக்குத் தண்ணி தினம் ஊத்துனீங்களா?”

பொன்னுத்துரை தூணோரம் நின்று நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிவனம்மாள் கையில் பிட்ட ரொட்டி இருந்தது. பக்கத்து இலையில் ஆண்டிச்சாமி. அவன் தோளில் காலையில் விழுந்த சுண்ணாம்புப் பொடி இன்னும் வெள்ளையாக ஒட்டியிருந்தது. துடைக்க மறந்திருந்தான்.

“இல்லங்கய்யா,” என்றாள். “வண்டி வரல. இன்னைக்கு விடியக்காலம்தான் ஊத்துனோம். நீங்க பாக்கணும்னு ஊத்துனோம்.”

“பொய் சொல்லுறா!” பொன்னுத்துரை பாய்ந்து வந்தார். “தம்பிக்காரன் வேலைக்குச் சோம்பி…”

“பொய்யின்னா நீங்க போய் ஆப்பத் தட்டுங்க மொதலாளி,” என்றாள் அவள். “நாங்க வெளிய நின்னு பாக்கறோம்.”

வரிசையில் ஒருவர் சிரித்தார். யாரென்று தெரியவில்லை.

லத்தீப் எழுந்தார். “சிங்கய்யா, சுண்ணாம்பும் இன்னும் பச்ச. அதை அவசரப்படுத்த முடியாது. முட்டு நிக்கட்டும். வளையத்துக்கு இப்பவாவது விடாம தண்ணி காட்டுவோம், கொஞ்சமாவது தேறும். விழாவ வெளிய பந்தல் போட்டு நடத்துங்க.”

குர்பசன் சிங் பாயில் உட்கார்ந்துவிட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் ஊர் ஊராக அழைப்புப் போய்விட்டது. விட்டுவந்த ஊரில் ஒரு கோயிலை விட்டுவந்தவர். இத்தனை வருடம் கழித்துத் தலைக்குமேல் ஒரு கும்மட்டம் என்று கனவு கண்டவர். “மதுரைக்குப் போய் இஞ்சினீயரைக் கூட்டி வரேன். கமிட்டி ஆளுங்களையும் கேக்கணும். நாளை காலை சொல்றேன். அதுவரைக்கும்…” பொன்னுத்துரையைப் பார்த்தார். அதுவரைக்கும் என்ன என்பதை முடிக்காமலே வேனில் ஏறிப் போய்விட்டார்.

வேன் கிளப்பிய தூசி அடங்கியதும் பொன்னுத்துரை ஆட்கள் பக்கம் திரும்பினார்.

“இஞ்சினீயரு வந்து நிக்கிற கும்மட்டத்தப் பாக்கட்டும். அதுக்குள்ள இங்க ஒரு முட்டு இருக்காது. ஆலை வேலைக்காரனுகளக் கூட்டியாறேன். நீங்க ஒருத்தரும் நாளைக்கு இந்தப் பக்கம் தல காட்ட வேணாம். கூலின்னு என் வாசலுக்கும் வரக் கூடாது.” வண்டியை உதைத்துக் கிளப்பி வடமதுரைப் பக்கம் போனார்.

*

“போச்சு,” என்றாள் மாயம்மாள். “சனிக்கெழம கூலிய நம்பி அரிசிக்காரன்கிட்டச் சொல்லி வச்சிருக்கேன்.”

“நம்ம ஆண்டி தப்பிச்சான். வாங்க, வீட்டுக்குப் போவம்,” என்றான் கலவை குழைக்கிற ஆள் ஒருவன்.

“இவன் தப்பிச்சான். வரப்போறவன்?” என்றார் லத்தீப்.

சிவனம்மாள் குடத்தை எடுத்துத் தண்ணீர் வண்டியின் குழாயடியில் வைத்தாள்.

“என்னக்கா செய்யிற? வேலய விட்டே நிறுத்திப்புட்டாக,” என்றான் ஆண்டிச்சாமி.

“நிறுத்தட்டும். இம்புட்டு நாளு கூலிக்கு ஊத்துனேன். இப்ப இதுக்கு அடியில நிக்கப்போறவன் கழுத்துக்கு ஊத்துறேன். வெளிய போனா அந்தாளு வேற எவனையாவது உள்ள விடுவாரு. உள்ளயே இருப்போம். முட்ட எடுக்க மாட்டோம், எடுக்கவும் விட மாட்டோம். தண்ணி மட்டும் ஊத்துவோம்.”

“வண்டித் தண்ணி மொதலாளி காசுல…” என்று வண்டிக்காரர் இழுத்தார். பிறகு மாட்டின் கழுத்தைத் தடவினார். “மாடு என்னுது. எறக்கிக்கங்க. செத்த நேரத்துல இன்னொரு நடை அடிச்சிட்டு வாரேன்.”

வண்டியடியிலிருந்து சரிவு வழியாக வளையம் வரை வரிசை நின்றது. ஒருவர் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிடக் கைக்குக் கை மாற்றினால் குடம் தளும்பாது, ஆளும் களைக்க மாட்டான். கொத்தனார்கள் முதலில் தயங்கினார்கள். தண்ணீர் தூக்குவது பொம்பளை வேலை. லத்தீப் போய் மாயம்மாளுக்கு மேல்படியில் நின்றார், மற்றவர்களும் நின்றார்கள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சிங்கம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பித்தளைக் குடத்தை வாங்கி வரிசையில் புகுந்து, “சேவை,” என்றார்.

“அவுகளுக்குச் சேவையாம்,” என்றாள் மாயம்மாள். “நமக்குத்தான் வேலையும் போயி இடுப்பும் போகுது.” ஆனாலும் சிங்கம்மாவின் கையிலிருந்து குடத்தை வாங்கும்போது, “பாத்துங்கம்மா, கனக்கும்,” என்றாள்.

வளையம் குடித்தது. சுற்றிலும் மெல்ல மெல்லக் கறுத்தது. வெயில் மலைக்கோட்டைக்குப் பின்னால் இறங்கியது. இடையிடையே கூடத்துக்குள் மரம் முனகியது. ஒவ்வொரு முனகலுக்கும் வரிசை ஒரு கணம் நின்று பிறகு நகர்ந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு லாரி வந்தது. முன்னால் மோட்டார் சைக்கிள். லாரியிலிருந்து சம்மட்டியும் கடப்பாரையுமாக ஆட்கள் குதித்தார்கள். அவர்களுக்குத் தலைவனாக வந்த சோலைமுத்து, ஆலையில் சாரம் கட்டுகிறவன். பொன்னுத்துரையின் பின்னால் வந்ததால் எல்லோர் துண்டும் இடுப்பில்.

கூடத்தின் நாலு வாசலையும் மறித்து ஆண்டிச்சாமியும் கொத்தனார்களும் நின்றார்கள். எல்லோர் தலையிலும் துண்டு.

“மொதலாளி வந்து நிக்கிறேன். தலையில என்னடா?” என்று பொன்னுத்துரை கத்தினார்.

“இந்த எடம் அப்படி மொதலாளி. இங்க அவுக்கக் கூடாது,” என்றான் ஆண்டிச்சாமி.

“தள்ளிவிட்டு உள்ள போங்கடா!”

சம்மட்டிகள் நகர்ந்தன. சிவனம்மாள் தளும்பும் குடத்தோடு நடுவில் வந்தாள். “ஏப்பா, சம்மட்டி வச்சிருக்க தம்பி. தட்ட வேணாம். ஒரே ஒரு ஆப்பக் கையால தொட்டுப் பாரு. அதுக்குப் பெறகு உன் இஷ்டம். நாங்க வழி விடுறோம்.”

“அக்கா!” என்றான் ஆண்டிச்சாமி.

“விடு அப்பு. அவனும் சாரக்காரன்தானே.”

சோலைமுத்து பொன்னுத்துரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். உள்ளே போய்க் குந்தினான். ஆப்பின் முனையைப் பிடித்து அசைத்தான். இன்னொன்று. அதற்கடுத்தது. பிறகு முட்டின் மேல் உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் அப்படியே இருந்தான். மேலே மரம் ஒருமுறை முனகியது. எழுந்து, காலடிச் சத்தம் கேட்காமல் வெளியே வந்தான்.

“இதையா தட்டச் சொல்லிக் கூட்டியாந்தீக?”

“உன் வேல தட்டுறது. தட்டு!”

“ஆலையில நாளைக்கு இதே மாதிரிதான எங்களத் தட்டச் சொல்லுவீக?”

பொன்னுத்துரையின் வாய் கோணியது. “காலையில போலீசோட வாரேன். ஒருத்தன் விடாம உள்ள தள்ளுறேன்.” மோட்டார் சைக்கிள் இரைந்து இருட்டத் தொடங்கிய ரோட்டில் மறைந்தது.

யாரும் ஆரவாரம் செய்யவில்லை. போலீஸ் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். இஞ்சினீயர் என்ன சொல்வார், சிங்கய்யா யார் பேச்சைக் கேட்பார் என்பது யாருக்கும் தெரியாது. சோலைமுத்து சம்மட்டியைச் சுவரோரம் சாய்த்தான். இடுப்புத் துண்டை அவிழ்த்து, உதறி, தலையில் கட்டிக்கொண்டு சரிவின் கீழ்ப்படியில் வந்து நின்றான். அவன் ஆட்கள் ஒவ்வொருவராக அவனுக்கு மேலே ஏறி நின்றார்கள். வரிசை நெருங்கியது.

சிவனம்மாள் உள்ளே போய் ஒரு ஆப்பில் விரலை வைத்துப் பார்த்தாள். இறுகித்தான் இருந்தது. இன்னும் எத்தனையோ நாள் இறுகித்தான் இருக்கும்.

வெளியே தண்ணீர் வண்டியின் மணிச்சத்தம் கேட்டது. அவள் திரும்பி வந்து, காத்திருந்த கைகளில் குடத்தைக் கொடுத்தாள்.